எந்தப் பாப்பா?

"டாக்டர்.. பாப்பாவுக்கு காய்ச்சலா இருக்கு. போன தடவை குடுத்த அதே மருந்து இருக்கு. எத்தனை மில்லி ஊத்தட்டும்?"

இரவு பத்து மணிக்கு மேல் எனக்கு வரும் ஃபோன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்.

"எந்தப் பாப்பா?"

அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். "நம்ம பாப்பாதான் மேடம்" என்பார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு பாப்பாதான். எனக்குத்தான் இந்த வேங்கிக்கால் ஏரிக்கரை முழுக்கப் பாப்பா.

நண்பர்களே, இந்த ஒரு சொல்லைப் பற்றி ரொம்ப நாளாக எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீளமாகத்தான் இருக்கும். டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

ஒரே வாரத்தில் என் கிளினிக்குக்கு வந்த பாப்பாக்களைச் சொல்கிறேன். பிறந்து பதினோரு நாளான, இன்னும் பெயர் வைக்காத ஒரு பாப்பா. எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பாப்பா. தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்த, அப்பா வாயால் இன்னும் "பாப்பா" என்றே அழைக்கப்படும் முப்பத்து நாலு வயதுப் பெண். கடைசியாக வந்தவர்தான் முக்கியம். எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் கைத்தடியோடு உள்ளே வந்து, "பாப்பாவுக்கு ராத்திரியெல்லாம் மூச்சு வாங்குது மேடம், கொஞ்சம் சீக்கிரம் பாருங்க" என்றார். நான் அவர் தோளில் குழந்தையைத் தேடுகிறேன். அவருக்குப் பின்னால், தலை முழுக்க வெள்ளையாக, எழுபத்தோரு வயதில் நிற்கிறார் அவருடைய தங்கச்சி.

பாப்பாவுக்கு இதயச் செயலிழப்பு. கால் இரண்டும் வீங்கியிருந்தது. மாத்திரை கொடுத்து, எக்கோ எடுக்க அனுப்பி, இப்போது பரவாயில்லை. எழுபது வருடமாக ஒருத்தரை ஒருத்தர் பாப்பா என்று கூப்பிட இன்னும் ஆள் இருப்பது ஒரு கொடுப்பினை என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆனால் மருந்து விஷயத்தில் இந்தக் கொடுப்பினையே ஆபத்து. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குழந்தைகளுக்கான பாராசிட்டமாலை வயதை வைத்துக்கூட அல்ல, எடையை வைத்துத்தான் கொடுக்கிறோம். ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பத்துக் கிலோ குழந்தை என்றால் ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது நாலு மணி நேரம் இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் கூடாது.

இப்ப வீட்டுல இருக்குற பாட்டிலை எடுத்துப் பாருங்க. சொட்டு மருந்து என்றால் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப் என்றால் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 125. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கான சிரப்பில் ஐந்து மில்லிக்கு 250. மூன்றும் வேறு வேறு. மூன்றுமே பல வீடுகளில் டிவி ஸ்டாண்டில் ஒரே வரிசையில் நிற்கும். மூன்றுக்கும் பெயர் "பாப்பா மருந்து"!

பெரிய பாப்பாவுக்கு "ஒரு ஸ்பூன் குடுங்க" என்று சிரப்புக்குச் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொண்டு, சின்னப் பாப்பாவின் சொட்டு மருந்து பாட்டிலில் இருந்து ஐந்து மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம். அது பெரியவர்கள் போடும் முழு மாத்திரை. ஐந்து கிலோ குழந்தையின் கல்லீரல் அதைத் திரும்பத் திரும்பத் தாங்காது.

அதனால்தான் ராத்திரி பத்து மணிக்கு "எந்தப் பாப்பா, எத்தனை கிலோ, பாட்டில் மேல என்ன எழுதியிருக்கு, படிங்க" என்று வாத்தியார் மாதிரி கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பாட்டில் மேல் ஒரு வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, பிள்ளையின் உண்மையான பெயரையும் அளவையும் பேனாவால் எழுதி வையுங்கள். பாப்பா என்று எழுதாதீர்கள். இன்னொன்று, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எனக்கு ஃபோன் போட்டு மில்லி கேட்கவே வேண்டாம். நேராகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும்.

சரி.. விஷயத்துக்கு வருவோம். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

குழந்தை பேச ஆரம்பிக்கும் முன்னால் வாய்க்கு முதலில் வருவது உதட்டை ஒட்டிப் பிரிக்கும் ஓசைகள். மா மா, பா பா, பப்பப்பா. பல்லும் வேண்டாம், நாக்கு வளைக்கவும் வேண்டாம். குழந்தை எதையும் யாரையும் நினைத்து அதைச் சொல்வதில்லை. பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள்தான் "என்னைத்தான் கூப்பிடுது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1960-இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அதனால்தான் ஐரோப்பாவில் பாப்பா என்றால் அப்பா. ஜார்ஜியா நாட்டு மொழியில் மாமா என்றால் அப்பா! நமக்கு மாமா என்றால் யார் என்று உங்களுக்கே தெரியும். ரோமில் இருக்கும் போப்பாண்டவரின் பட்டமும் அதே அப்பா என்ற பொருளில் வந்ததுதான். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் இன்றைக்கும் அவர் பாப்பரசர். நாம் தமிழர்கள் மட்டும், குழந்தை சொன்ன சொல்லைப் பிடுங்கி அப்பாவுக்குக் கொடுக்காமல் குழந்தைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டோம். எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை உண்டு.

நாம் மட்டும் என்பதும் சரியில்லை. நம்ம மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கும் பாப்பதான். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பும் நம்மூர் ஆட்களைக் கேட்டால் இன்னொரு கதை சொல்வார்கள். கன்னடத்தில் "அய்யோ பாப" என்றால் "ஐயோ பாவம்". ஒரு மேஸ்திரி சொன்னார், "மேடம், நான் கீழ விழுந்து கால் உடைஞ்சப்ப சுத்தி நின்னவங்க எல்லாம் பாப்பா பாப்பான்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியல, எம் பொண்ணுக்குத்தான் என்னமோ ஆச்சுன்னு நெனச்சு இன்னும் பயந்துட்டேன்" என்று.

ஆண் டாக்டர்களுக்குத் தெரியாத ஒரு பாப்பாவும் உண்டு. நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்தில் என்னோடு வார்டில் நின்ற ஆண் நண்பர்கள் முதல் நாளிலிருந்தே "சார்". நாங்கள் பெண்கள், வெள்ளைக் கோட்டு, ஸ்டெதஸ்கோப் எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றாலும், "பாப்பா, பெரிய டாக்டர் எப்ப வருவாரு?" அப்போது சுருக்கென்று இருக்கும். இப்போதும் வயதான அம்மாக்கள் சிலர் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இப்போது அது உறைக்கவில்லை. எப்போதிலிருந்து உறைக்காமல் போனது என்று யோசித்தால், தலையில் முதல் நரை வந்த வருடம்.

இந்தப் பெயரைச் சாகும்வரை சுமந்து, அதற்கே ஒரு கனத்தைக் கொடுத்த பெண்களும் இருக்கிறார்கள். பாப்பா உமாநாத்தின் உண்மையான பெயர் தனலட்சுமி. பொன்மலை ரயில்வே தொழிலாளர்கள் மத்தியில் வளர்ந்த சிறுமி. அங்கே ஒட்டிய பெயர், சிறை, தலைமறைவு, மாதர் இயக்கம் எல்லாவற்றையும் தாண்டி, 1989-இல் திருவெறும்பூர் சட்டமன்ற உறுப்பினர் ஆனபோதும் அதே பாப்பாதான். 2010 டிசம்பரில் அவர் இறந்தபோதும் தினசரிகளில் பாப்பா. அவருடைய அரசியலில் உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமல் போகலாம். "பாப்பா, நீ சும்மா இரு" என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க முடியாது. அதே மாதிரி கோவை மாவட்டம் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் பாட்டி. நூறு வயதைத் தாண்டியும் தோட்டத்தில் வேலை செய்தவர், 2021-இல் பத்மஸ்ரீ வாங்கினார்.

இப்போது என் தொழில் சம்பந்தப்பட்ட பாப்பாவுக்கு வருகிறேன்.

கண்ணின் கருமணி நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிகிறதே, அதற்கும் பாப்பா என்றுதான் பெயர். பாவை என்றும் சொல்வோம். தெலுங்கில் கனுபாப்ப. ஏன் இந்தப் பெயர்? பக்கத்தில் இருப்பவர் கண்ணை உற்றுப் பாருங்கள். அதற்குள் உங்கள் உருவமே பொம்மை மாதிரி குட்டியாகத் தெரியும். திருக்குறளின் காமத்துப்பாலில் ஒருவன் தன் கண்மணிக்குள் இருக்கும் பாவையையே காதலிக்காக இடத்தைக் காலி செய்யச் சொல்வான். ஆச்சரியம் என்னவென்றால், லத்தீன்காரர்களும் இதையே பார்த்து, சின்னப் பெண், பொம்மை என்ற பொருள்படும் பெயரை வைத்தார்கள். அதிலிருந்துதான் ஆங்கிலத்தில் ப்யூப்பில் வந்தது. கிரேக்கத்தில் கோரே. அதற்கும் இரண்டு பொருள், சிறுமி என்றும் கண்பாவை என்றும். சமஸ்கிருதத்தில் கனீனிகா, அங்கேயும் இதே இரண்டு பொருள். பேசி வைத்துக்கொண்டார்களா என்ன? எல்லா ஊர் அம்மாக்களும் எல்லா ஊர்க் குழந்தைகளின் கண்ணையும் இப்படித்தான் உற்றுப் பார்த்திருக்கிறார்கள்.

நாங்கள் டார்ச் அடித்துப் பார்ப்பது இந்தப் பாப்பாவைத்தான். வெளிச்சம் பட்டால் சுருங்கவேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கவேண்டும். தலையில் அடிபட்டு மயங்கியவருக்கு ஒரு பக்கம் மட்டும் விரிந்து போயிருந்தால் உள்ளே மூளை அழுத்தப்படுகிறது என்று பொருள். அப்போது ஒரு நிமிடம்கூட முக்கியம்.

கீழ்பென்னாத்தூர், துரிஞ்சாபுரம் பக்கம் மல்லாட்டைக்கும் நெல்லுக்கும் மருந்தடிக்கும் காலத்தில் வேறு ஒரு காட்சி. "கொல்லிக்கு மருந்தடிக்கப் போனாரு, வந்து படுத்தவரு எழுந்திருக்கல" என்று ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வருவார்கள். உடம்பெல்லாம் வேர்வை, வாயில் எச்சில் வழியும், மூச்சில் கறகற சத்தம். இமையைத் தூக்கி டார்ச் அடித்தால் பாப்பா குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கிப் போயிருக்கும். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து. பேச முடியாத மனிதருக்காக அவர் கண்ணில் இருக்கும் பாப்பா வாய் திறந்து சொல்லிவிடும். உடனே அட்ரோபின் ஏற்றவேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால் உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கரைத்து வாயில் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். மருந்து பட்ட சட்டையைக் கழற்றி உடம்பைத் தண்ணீரால் கழுவி, மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு 108-இல் ஏற்றுங்கள்.

இன்னொரு பாப்பாவைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடித்தால் எனக்குத் தூக்கம் வராது. வெள்ளைப் பாப்பா.

செல்போனில் ஃப்ளாஷ் போட்டுக் குழந்தையைப் படம் எடுக்கிறீர்கள். கண்ணுக்குள் சில சமயம் சிவப்பாகத் தெரியும், அது சாதாரணம். ஒரு கண்ணில் சிவப்பு, இன்னொரு கண்ணில் பூனைக் கண் மாதிரி வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பளிச்சென்று தெரிந்தால், அதுவும் திரும்பத் திரும்பத் தெரிந்தால், விட்டுவிடாதீர்கள். மருத்துவத்தில் இதற்கு லூகோகோரியா என்று பெயர். அந்தக் கிரேக்கச் சொல்லைப் பிரித்துத் தமிழில் சொன்னால் வெள்ளைப் பாப்பா என்றுதான் வரும். பிறவிக் கண்புரையாக இருக்கலாம். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். சுமார் 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருவது, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரையும் காப்பாற்றலாம், பல நேரம் கண்ணையும் காப்பாற்றலாம். தாமதித்தால் மூளைப் பக்கம் பரவும்.

மாறுகண்ணும் இதன் அறிகுறியாக வரலாம். நம்மூரில் மாறுகண் அதிர்ஷ்டம் என்று ஒரு பேச்சு உண்டு. தயவுசெய்து அந்த அதிர்ஷ்டத்தை ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அரசு மருத்துவமனையின் கண் பிரிவிலேயே பார்க்கலாம். மேல் சிகிச்சைக்குச் சென்னை எழும்பூரில் 1819-இல் இருந்து நடக்கும் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. இந்தப் பதிவைப் படித்துவிட்டு இன்று இரவு உங்கள் ஃபோனில் இருக்கும் பழைய படங்களை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். பத்து நிமிடம் ஆகும்.

ஆஸ்பத்திரியில் பெயர் என்பது அலங்காரம் இல்லை. ரத்தம் ஏற்றுவதற்கு முன், ஊசி போடுவதற்கு முன், ஆளைச் சரிபார்க்க இரண்டு அடையாளங்கள் கேட்கவேண்டும் என்பது எங்கள் பாடம். பெயர் ஒன்று, பிறந்த தேதியோ புறநோயாளி எண்ணோ இன்னொன்று. ஒரே வார்டில் மூன்று பாப்பா படுத்திருக்கும்போது "பாப்பாம்மா, உங்களுக்குத்தானே ஊசி?" என்றால் மூன்று பேரும் கையை நீட்டுவார்கள்!

பிறந்த குழந்தைகளுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். பெயர் வைக்கும்வரை "பேபி ஆஃப் இன்னார்" என்றுதான் சீட்டில் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு அம்மாக்கள் அடுத்தடுத்த கட்டிலில் இருந்தால் என்ன ஆகும்? நியூயார்க்கில் மான்டிஃபியோர் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில், பொதுவாக "பேபி கேர்ள்" என்று எழுதுவதை விட்டுவிட்டு, தாயின் முதல் பெயரைச் சேர்த்து "வெண்டியின் பெண்" என்கிற மாதிரி எழுதிப் பார்த்தார்கள். ஒரு குழந்தைக்கு எழுதவேண்டிய மருந்தை இன்னொரு குழந்தைக்கு எழுதும் தவறு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. 2015-இல் வெளியான ஆய்வு இது. பைசா செலவில்லாத சிகிச்சை.

அதனால் பெயரைச் சீக்கிரம் வையுங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தாகவேண்டும். பெயரைச் சேர்க்க ஒரு வருடம் வரை கட்டணம் இல்லை, அதன் பிறகு பதினைந்து வயது வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். "அப்புறம் பாத்துக்கலாம், இப்ப பாப்பான்னே கூப்பிடலாம்" என்று விட்டுவிட்டு, பள்ளியில் சேர்க்கும் வாரத்தில் அலுவலகம் அலுவலகமாக அலைபவர்களை, கலெக்டர் ஆபீஸ் இருக்கும் இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் வருடா வருடம் பார்க்கிறேன். 2023 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம்.

தீபத் திருவிழாவுக்குக் கூட்டத்தோடு வருபவர்களுக்கு ஒன்று. குழந்தைகள் கையில் பெற்றோரின் செல் நம்பர் எழுதிய பட்டையைப் போலீஸ் கட்டிவிடுகிறார்கள், பார்த்திருப்பீர்கள். ஏன் தெரியுமா? காணாமல்போன மூன்று வயதுக் குழந்தையிடம் பேர் கேட்டால் "பாப்பா" என்கும். அம்மா பேர்? "அம்மா". வீடு எங்கே? "அங்க". மைக்கில் எப்படி அறிவிப்பது? மூன்று வயதுக்குள் முழுப் பெயரைச் சொல்லப் பழக்குங்கள்.

இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் லேசான விஷயம். கனமானது இனிமேல்தான்.

எங்கள் பக்கத்தில் பாப்பா என்றால் குழந்தை என்று ஒரு பொருள். பெண் குழந்தை என்று இன்னொரு பொருள். ஆண் குழந்தை என்றால் தம்பி. "மருமகளுக்கு என்ன பொறந்திருக்கு, பாப்பாவா தம்பியா?" என்றுதான் கேட்பார்கள். பிறந்த பிறகு கேட்டால் அதில் ஒன்றும் தப்பில்லை. பிறப்பதற்கு முன் கேட்டால் அது 1994-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்பதைச் சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த வகையிலோ தெரிவிக்கக் கூடாது. சொல்லும் டாக்டருக்கும் சிறை, கேட்டுப் போகும் குடும்பத்துக்கும் மூன்று வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. வட மாநிலங்களில் இதற்கு இனிப்புப் பெயர்களைக் குறிச்சொல்லாக வைத்துக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. நம்மூரில் தனியாகக் குறிச்சொல் எதற்கு? பாப்பா, தம்பி போதும். நம்ம மாவட்டத்திலும் திருட்டுத்தனமாக ஸ்கேன் செய்து சொன்னவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள்.

இயற்கையாக ஆயிரம் ஆண் குழந்தைக்கு ஏறக்குறைய 950 பெண் குழந்தை பிறக்கும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களில் அது 943. மாநிலச் சராசரி பார்க்க அவ்வளவு மோசமில்லை. சில ஊர்களின் எண்ணிக்கையைத் தனியாக எடுத்தால்தான் வயிறு கலங்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் வந்தார். ஐந்தாவது மாதம். ஏற்கெனவே இரண்டு பெண் பிள்ளைகள். கூட மாமியாரும் கணவரும். மாமியார்தான் பேசினார். "இது வேணாம் மேடம். எதாச்சும் பண்ணிவிடுங்க. மெடிக்கல்ல மாத்திரை கேட்டோம், மாசம் தாண்டிடுச்சு, டாக்டரப் பாருன்னுட்டாங்க."

"ஏம்மா, குழந்தைக்கு எதாவது குறைன்னு ஸ்கேன்ல சொன்னாங்களா?"

"அதெல்லாம் இல்ல மேடம். பாப்பாதான்னு ஸ்கேன் எடுத்த டாக்டரே சொல்லிட்டாரு."

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பாலினத்தைக் கண்டறியவில்லை, யாருக்கும் தெரிவிக்கவில்லை என்ற வழக்கமான உறுதிமொழியும் அடியில் இருந்தது. சரியாக அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். கணவர் அப்படியே ஒப்பித்தார். "பாப்பா நல்லா இருக்கு, கவலைப்படாதீங்கன்னாரு."

அவ்வளவுதான். அந்த டாக்டர் எந்த ஊர்க்காரரோ, அவர் ஊரில் பாப்பா என்றால் குழந்தை. குழந்தை நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கிறார். இந்தக் குடும்பம் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, நான்கு நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் அந்தப் பெண்ணை வறுத்தெடுத்திருக்கிறது.

நான் முதலில் மாத்திரையைப் பற்றிப் பேசினேன். டாக்டர் இல்லாமல் ஐந்தாம் மாதத்தில் அதைப் போட்டால் கர்ப்பப்பை கிழியலாம், ரத்தம் நிற்காமல் போகலாம், மருமகள் உயிரோடு வீடு திரும்புவாள் என்று யாரும் சொல்ல முடியாது. அப்புறம் சட்டத்தைப் பற்றி. கருக்கலைப்புக்குச் சட்டம் பல காரணங்களை அனுமதிக்கிறது, பெண் குழந்தை என்பது அதில் எதிலும் இல்லை. அப்புறம்தான் சொன்னேன், அந்த டாக்டர் ஆணென்றும் சொல்லவில்லை, பெண்ணென்றும் சொல்லவில்லை என்று. மாமியார் முகம் கொஞ்சம் மாறியது. அது மாறிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அப்படியென்றால் தம்பியாகவும் இருக்கலாமே என்ற கணக்கு அதில் ஓடியது. ஆனால் அன்றைக்கு அந்தக் கணக்கு எனக்கு உபயோகப்பட்டது.

பரிசோதனை செய்யவேண்டும் என்று மற்ற இருவரையும் வெளியே அனுப்பினேன். அதுவரை ஒரு வார்த்தை பேசாத அந்தப் பெண் புடவையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"நெஜமாவே பாப்பான்னா கொழந்தைன்னுதானா மேடம்? இல்ல எனக்காகச் சொல்றீங்களா?"

டாப்ளரை வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கவைத்தேன். குதிரை ஓடுகிற மாதிரி கேட்டது. கண்ணில் தண்ணி வர, சிரித்தார். கிராமச் சுகாதார செவிலியரிடம் சொல்லி அந்த வீட்டுக்கு வாரா வாரம் போகச் செய்தோம். ஒன்பதாம் மாதம் வரை என்னிடம் வந்தார். சுகப்பிரசவம்.

பிறந்தது என்ன என்று கேட்பீர்கள். சொல்லமாட்டேன்.

இப்போது கர்ப்பிணிகளிடம் பேசும்போது என் கிளினிக்கில் யாரும் பாப்பா என்ற சொல்லை எடுப்பதில்லை. குழந்தை நல்லா இருக்கு, குழந்தை அசையுதா, குழந்தையோட எடை. நர்ஸ்களுக்கும் அதேதான். ஸ்கேன் எடுக்கும் டாக்டர் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் யோசியுங்கள், குறிப்பாக வேறு மாவட்டத்திலிருந்து இங்கே வந்து வேலை செய்பவர்கள்.

இந்த ஊர்ப்பக்கம் உங்களுக்குத் தெரிந்த இன்னொரு பெயரும் உண்டு. வேண்டா. மூன்றாவது, நாலாவது பெண்ணாகப் பிறந்தவளுக்கு, இனிமேல் பெண் வேண்டாம் என்று சாமிக்கே அறிவிப்புக் கொடுக்கிற மாதிரி வைத்த பெயர். தெற்கே மதுரைப் பக்கம் போதும்பொண்ணு. கூப்பிடுபவர்களுக்குப் பழகிப்போயிருக்கும். பதிவேட்டில் எழுதும் எனக்கு ஒவ்வொரு முறையும் பேனா நிற்கும்.

எனக்கு ஒரு சர்க்கரை நோயாளி இருக்கிறார், வயது 58. ஆதாரில் பெயர் வேண்டா. பத்து வருடத்துக்கு முன் முதல் தடவை வந்தபோது, டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் தணிந்த குரலில், "சத்தமா அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடாதம்மா, வூட்ல என்னை பாப்பான்னுவாங்க" என்றாராம். அவருடைய ஆயா வைத்த கூப்பிடும் பெயர் அது. அப்பன் வைத்த பெயரை ஆயாவால் அழிக்க முடியவில்லை. அதற்கு மேலே இன்னொன்றைப் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் ஹாலில் அவர் பாப்பாம்மா. சீட்டில் மட்டும் இரண்டு பெயரும் இருக்கும், இன்சூரன்ஸ் அட்டைக்கு ஆதார் பெயர் வேண்டுமே.

போன மாதம் அவரிடம் சொன்னேன், பெயரை மாற்றி அரசிதழில் வெளியிட வழி இருக்கிறது, படிவம் நிரப்ப நான் ஆள் ஏற்பாடு செய்கிறேன் என்று. கொஞ்ச நேரம் யோசித்தார். எவ்வளவு செலவாகும் என்று கேட்டார், சொன்னேன். ரேஷன் கார்டு, பேங்க் புக்கு, பட்டா எல்லாத்துலயும் மாத்தணுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அடப் போ பாப்பா. சக்கரைக்குப் பேரா தெரியும்? நீ மாத்திரைய எழுது" என்றார்.

எழுதினேன். வெறும் வயிற்றில் 142. போன தடவைக்கு நல்ல முன்னேற்றம். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, அந்தப் படிவம் எத்தனை பக்கம் என்று கேட்டுவிட்டுப் போனார்.